தலையணையில் வந்த சீர் அரிசி

அக்காவுக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. பத்திரிகைதான் அடிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் ஒரு மூங்கில். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும் சாலையில், அடிவாரத்துச் சோதனைச்சாவடியில் குறுக்கே கிடந்த மூங்கில். அரிசி அதைத் தாண்டி மேலே வரக் கூடாது என்பது மாநில அரசின் உத்தரவு. பையில் கொஞ்சம் கொண்டுவரலாம். மூட்டையாக என்றால் பர்மிட் வேண்டும்.

எங்கள் வழக்கப்படி, பெண்ணின் தாய்மாமன் தன் வயலில் விளைந்த அரிசியைச் சீராகக் கொண்டுவர வேண்டும். அதில்தான் கல்யாணச் சோறு பொங்கும். பெண்ணைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்து வருபவரும் அவர்தான். எங்கள் மாமா கீழ்நாட்டில் பவானி ஆற்றங்கரையில் நெல் போடுகிறவர். அரிசி மலையேறாவிட்டால் தானும் ஏறப்போவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். "வெறுங்கையோட வந்து பந்தியில உக்கார நான் என்ன வழிப்போக்கனா?" என்று கேட்டாராம். கூடப்பிறந்த ஒரே அண்ணன் இல்லாமல் அம்மா தன் மகளை எப்படி மேடையேற்றுவாள்?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். மலைமேல் எங்கள் ஊரான அரவேணுவில் சின்ன மளிகைக்கடை வைத்திருந்த அப்பாவுக்குத் தராசு தெரியும், ஆபீஸ் தெரியாது. ஆகவே பர்மிட் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. நானும் பெருமையாகத்தான் ஏற்றுக்கொண்டேன். படித்தவன் போய்ப் பணிவாகக் கேட்டால் அரசாங்கம் கொடுக்காதா என்ன?

குன்னூர் ஆபீஸில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். உட்காரச் சொல்லி டீகூட வரவழைத்தார். கல்யாணத்துக்குத்தான் அரிசி என்பதற்கு அத்தாட்சியாகப் பத்திரிகையைக் கொண்டுவரச் சொன்னார். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இருக்க வேண்டும். வருகிறேன் என்று மாமா சொல்லாமல் அவர் பெயரைப் போட அப்பா சம்மதிக்க மாட்டார். அரிசிக்கு வழி பிறக்காமல் மாமா சொல்ல மாட்டார். பர்மிட் இல்லாமல் அரிசிக்கு வழி பிறக்காது. இதை நான் வரிசையாக விளக்கியதும் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க தம்பி, பேசாம பொண்ணைக் கூட்டிக்கிட்டு எல்லாரும் கீழ எறங்கிருங்க. பொண்ணு எறங்கறதுக்குப் பர்மிட் வேண்டாம்."

வீட்டில் வந்து சொன்னேன். அக்காவுக்கு மட்டும் அந்த யோசனை பிடித்திருந்தது.

மறுபடி மறுபடி குன்னூருக்கு அலைந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு காலை பஸ்ஸில் வந்திறங்கிய பேப்பரில் அந்தச் செய்தி இருந்தது. அரிசிக் கட்டுப்பாட்டை மாநில அரசு எடுத்துவிட்டது. இனி மாநிலத்துக்குள் யாரும் எங்கும் அரிசி கொண்டுபோகலாம். சாவடிகளில் சோதனை கிடையாது. மஞ்சு மூடிய ரோட்டில் நின்றபடியே படித்தேன். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சத்தமாக வாசிக்கச் சொன்னார் அப்பா. உருளைக்கிழங்கு போடும் படகர் ஒருவர், அப்படியானால் எங்கள் ஹட்டிக்கும், ஊர் மொத்தத்துக்கும், பந்தி உண்டுதானே என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

அதே பேப்பரோடு மாமாவிடம் ஓடினேன். இரண்டாம் முறையும் வாசிக்க வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம்.

"பேப்பர்ல போட்டிருக்கறான், செரி. செக்போஸ்ட்டுல நிக்கறவன் பேப்பர் படிக்கறவன்னு உனக்கு ஆரு சொன்னது மாப்ளே? வாரேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு. அரிசி வார வழி எனக்குத் தெரியும்."

பத்திரிகை அடித்தோம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாமாவையும் அத்தையையும் அழைத்துவரப் போனேன். பஸ்ஸில் அவர்கள் ஏற்றியதெல்லாம் தலையணைகள். மலையில் குளிருக்கு வேண்டியிருக்கும் என்றார் அத்தை, என் கண்ணைப் பார்க்காமல்.

அடிவாரச் சாவடியில் அந்த மூங்கில் வானத்தைப் பார்த்து நின்றது. பஸ் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. மடியில் ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்து விறைப்பாக உட்கார்ந்திருந்த மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. கண்டக்டரிடம் சொல்லி பஸ்ஸை நிறுத்தினார். தலையணையோடு இறங்கிப்போய்க் காவலரின் முன் நின்றார்.

"ஏனுங்க, சோதனை இல்லீங்களா?"

"இல்லீங்க. எடுத்தாச்சு."

"அரிசி இருக்குதுங்க."

"இருக்கட்டுமுங்க."

"நெறைய இருக்குதுங்க."

"நெறையச் சாப்பிடுங்க."

பஸ் மொத்தமும் சிரித்தது. ஏமாந்தவர் போல ஏறி உட்கார்ந்த மாமா, முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் தானும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் தலையணைத் தையலைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அமுக்கிப் பார்ப்பவர் கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று அரிசியோடு இலவம்பஞ்சையும் கலந்து அடைத்திருந்தார் மாமா. எங்கள் வீட்டு வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் முறத்தோடு வாசலுக்கு வந்தார்கள். புடைக்கப் புடைக்கப் பஞ்சு பறந்தது. பள்ளத்திலிருந்து வந்த காற்று அதை அள்ளிக்கொண்டு போய்த் தேயிலைச் செடிகளின் மேல் தூவியது. அரவேணுவுக்குப் புதிதாய் உறைபனி பெய்த மாதிரி இருந்தது. படித்த பையன் சொன்னதை நம்பியிருந்தால் மூட்டையாகவே கொண்டுவந்திருக்கலாமே என்று அத்தை திட்டத் திட்ட, மாமா முறத்தைப் பிடுங்கித் தானே புடைக்கப் பார்த்தார். அரிசி பாதி கீழே. அம்மா சிரித்ததில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

பஞ்சம் வந்த காலத்தில் அந்த மூங்கில் தேவையாகத்தான் இருந்திருக்கும். ரேஷன் அரிசி எங்களையும் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பஞ்சம் போன பிறகும் மூங்கில் படுத்தே கிடந்தது. சட்டம் போடுவதுதான் அரசாங்கத்தின் வேலை என்று நான் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். வேலை முடிந்த சட்டத்தை எடுப்பதும் அதே அளவு நல்ல வேலை என்பதை எங்கள் வாசலில்தான் படித்தேன்.

மறுநாள் காலை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மாமா மேடையேறினார். மீசையில் ஒரு துளி பஞ்சு, யாரும் சொல்லவில்லை. பந்தியில் ஹட்டிக்காரர்கள் இருந்தார்கள், குன்னூர் குமாஸ்தாவும் இருந்தார். மாமாவே சோறு பரிமாறினார். குமாஸ்தா தன் இலையிலிருந்து ஒரு பஞ்சிழையை எடுத்து வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்.

"அரிசிக்கு வேண்டாமுங்க. இதுக்குப் பர்மிட் இருக்குதுங்களா?"

மாமா அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.