டப்பாவின் சொந்தக்காரர்

அந்தமானின் வண்டூர் காட்டில் மழை விடுவதாக இல்லை. நனைந்துகொண்டே, ஜிபிஎஸ் காட்டிய மரத்தடியைத் துழாவுகிறேன். யாரோ ஒளித்துவைத்த டப்பாவை வேறு யாரோ தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு இது. டப்பாவைக் காணோம், ரத்தம் குடிக்கும் அட்டைகள் என்னைக் கண்டுபிடித்துவிட்டன.

விறகோடு வந்த ஒரு அக்கா நான் தேடுவதைப் பார்த்து நிற்கிறார். "பச்சை டப்பாவா சார்? ஜங்கல்ல கிடந்துச்சு, வீட்ல எடுத்து வெச்சிருக்கேன். சுனாமிக்கு அப்புறம் யார் சாமான் கிடைச்சாலும் எடுத்து வெச்சிருவோம். தேடி வருவாங்கல்ல."

வீட்டில், துணியில் சுற்றியதைப் பிரித்து நீட்டுகிறார். "எல்லாம் இருக்கா பாருங்க."

உள்ளே ஒரு பிளாஸ்டிக் தவளை, ஒரு பம்பரம்.

"இருக்குக்கா."

"குடுத்து வெச்சவரு சார் நீங்க. கடல் கொண்டுபோன எங்க டிரங்குப் பெட்டி இன்னும் வரல."

விளையாட்டு விதிப்படி டப்பாவை அதே மரத்தடியில் திரும்ப வைக்க வேண்டும். மறுபடி தொலைத்துவிடுவேனோ என்று, பஸ் ஏற்றிவிட அக்கா கூடவே வருகிறார்.