நோன்பில் வந்த மயக்கம்

என் வகுப்புத் தோழனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதை மறைத்து எழுதிப் பயனில்லை. இருவரும் புதுச்சேரியில் ஒரே ஆண்டு மருத்துவம் படித்தோம். இன்று ஒரே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்கிறோம். அவன் குடும்பத்துக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. வருடம் ஒருமுறை பிரான்ஸ் போய் ஏதாவது புதிதாகக் கற்றுக்கொண்டு வருவான். பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் அவனிடம் பிரெஞ்சில் வலியைச் சொல்லிவிட்டு, பாதி குணமான முகத்தோடு வெளியே வருவார்கள். நான் அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் பாலம் கடந்து, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்வேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அபூர்வமான கட்டிகளெல்லாம் எப்படித்தான் அவனையே தேடி வருகின்றனவோ, அதைத்தான் தாங்க முடியவில்லை. பாடப்புத்தகத்தில் இரண்டே வரியில் முடிந்துபோகிற, புற்று இல்லாத சாதுக் கட்டி ஒன்று அவன் கத்தி வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். உடனே கட்டுரை எழுதிவிடுவான். எனக்கு வாய்த்ததெல்லாம் உடல் பருமனும் சர்க்கரையும்தான்.

சரி, அதையே ஆராய்ச்சியாக்கினேன். எடை குறைய இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்து, அதன்பின் ரத்தச் சர்க்கரை எப்படி இறங்குகிறது என்று மாதாமாதம் குறித்துவந்தேன். படிவத்தை நானே தயாரித்தேன். அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

நெல்லித்தோப்பில் தையல் கடை வைத்திருந்த ஒரு அம்மாதான் என் பட்டியலின் மகாராணி. வெறும் வயிற்றில் அவருடைய சர்க்கரை மற்ற எல்லோரையும்விடக் குறைவு. மருத்துவமனைக் கூட்டத்தில் அவர் எண்களைத் திரையில் காட்டியபோது ஓரக்கண்ணால் அவனைத்தான் பார்த்தேன். அவன் கை தட்டினான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த அம்மா ஒருமுறை சொன்னார்: "காலைல எழுந்தா தலை சுத்துது மேடம். ரம்ஜான்ல விட்டுப்போன நோம்ப இப்ப வைக்கிறேன். சாயங்காலத்துக்குள்ள கை நடுங்கி ஊசில நூல் கோக்க முடியல. எங்க வீட்டுக்காரரையே யாருன்னு கேட்டுட்டேனாம்."

இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குச் சாப்பிட்டதும் மயக்கம் வருவதுண்டு. அதற்கு என் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. சாப்பிடாமல் வரும் மயக்கத்துக்குக் கட்டம் வைக்கவில்லை. இருந்த கட்டத்திலேயே டிக் அடித்தேன். "நோம்பு வைக்காதீங்கம்மா, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த இரண்டு மாதமும் அவர் மயக்கத்தைச் சொன்னார். நானும் அதே கட்டத்தில் டிக் அடித்தேன்.

நான்காம் மாதம் நான் விடுப்பில் இருந்தபோது, கடையில் விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். அவன் பார்த்தான். குளுக்கோஸ் ஏற்றி, நினைவு திரும்பியதும், "மயக்கம் சாப்பாட்டுக்கு முன்னாடி வருதா, பின்னாடியாம்மா?" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். அவரை வார்டில் சேர்த்து, பக்கத்திலேயே ஆளை வைத்து, உணவு கொடுக்காமல் மணிக்கணக்கில் ரத்தம் எடுத்துச் சோதித்தான். நான் விடச் சொன்ன நோன்புதான் அந்தப் பரிசோதனை. சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயும், அதை இறக்கும் இன்சுலின் குறையவே இல்லை. கணையத்தில் கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி, வேண்டாத நேரத்திலெல்லாம் இன்சுலினைச் சுரந்துகொண்டிருந்தது. புற்று இல்லை, மிக அபூர்வம். எடுத்துவிட்டான்.

செய்தி கேட்டதும் அந்த அம்மா பிழைத்தாரா என்று நான் கேட்கவில்லை. 'இதுவும் அவனுக்கா?' என்றுதான் தோன்றியது. அதுவும் என் பட்டியலிலிருந்து, என் மகாராணியிடமிருந்து!

அவன் கட்டுரை எழுதினான். தன் பெயருக்கு அடுத்து என் பெயரையும் போட்டுப் படிக்க அனுப்பினான். வழக்கம்போல் குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தேன். ஒன்று கிடைத்தது. 'நோயாளி இந்த அறிகுறிகளை முன்பு தெரிவிக்கவில்லை' என்று எழுதியிருந்தான். போன் செய்தேன்.

"இது பொய்டா."

"தெரியும். உன் ஃபாரத்த பாத்தேன். உன் பேரும் இருக்குதுல்ல, அதான் அப்படி எழுதினேன். உட்டுடு."

இத்தனை வருடம் காத்திருந்து அவனிடம் ஒரு தப்பைப் பிடித்தேன். அதையும் எனக்காகச் செய்திருந்தான். நல்லவனாக இருப்பதில்கூட என்னை முந்திவிட்டானே என்று அன்று எரிந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு எழுதினேன்: 'நோயாளி மூன்று முறை தெரிவித்தார். இக்கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர் அதைக் கவனிக்கவில்லை.' அனுப்பும் முன் அந்த அம்மாவைப் போனில் அழைத்து, நீங்கள் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும் மேடம்," என்றார். "நான் சொல்லும்போதெல்லாம் நீங்க பேப்பரத்தானே பாத்துக்கினு இருந்தீங்க."