வாழைக் கொட்டிலில் விலங்கியல்

பிரதியெடுக்கும் றோணியோ இயந்திரத்து மைக்கு ஒரு தனி வாசம் உண்டு. மண்ணெண்ணெய்க்கும் புதுச் செருப்புத் தோலுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிற அந்த வாசம், எனக்குப் பத்து வயதாயிருந்த ஒரு மாரிகாலம் முழுவதும் நீர்வேலியில் எங்கள் வீட்டு ‘விறாந்தை’யில் நிறைந்து கிடந்தது. என் தமக்கை மலரக்கா தன் விரிவுரைக் குறிப்புத் தாள்களை ஈரம் காய்வதற்காகக் கொடியில் வேட்டி போடுவதுபோல வரிசையாகத் தொங்கவிட்டிருப்பாள். தாளின் ஒரு பக்கத்தில் மண்புழுவின் உணவுக்கால்வாய் இருக்கும். மறுபக்கத்தில் குருநகர்த் தேவாலயத்தின் பூசை நேரங்கள் இருக்கும். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் கடைகளில் தாள் கிடையாத எழுபதுகளின் தொடக்கம் அது. தேவாலய அறிவித்தல்கள் அடித்து மிஞ்சிய தாள்களில்தான் எங்களுக்கு விஞ்ஞானம் வந்து சேர்ந்தது. அப்பா நெற்றியில் திருநீறு துலங்க அவற்றை நின்று வாசிப்பார். அதிலும் பூசை நேரப் பக்கத்தைத்தான் முதலில் வாசிப்பார்.

அந்தக் குறிப்புகளை எழுதி அடித்துக்கொண்டு வந்தவர் அன்ரன் அண்ணை. குருநகரில் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. தெற்கே பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தவர், பல்கலைக்கழகம் நீண்ட நாள் மூடிக் கிடந்த அந்த வருடத்தில் ஊரோடு வந்திருந்தார். தமிழில் உயர்தர வகுப்புப் படித்துவிட்டுப் போன அவருக்கு அங்கே விரிவுரைகள் ஆங்கிலத்தில் காத்திருந்தன. முதல் வருடம் முழுக்க, படகில் இடம் கிடைத்தும் துடுப்புக் கிடைக்காதவன்போல இருந்ததாகப் பின்னாளில் எங்களுக்குச் சொன்னார். தனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளும் அப்படி முழிக்கக் கூடாது என்று நினைத்து, எங்கள் குறிச்சியின் படிப்பகமான வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ‘திறந்த விரிவுரை’ என்ற ஒன்றைத் தொடங்கினார். யாரும் வரலாம், எந்த வயதிலும் வரலாம், கட்டணமில்லை, சோதனையில்லை. முதல் மணித்தியாலம் அன்ரன் அண்ணையின் விலங்கியலும் தாவரவியலும். அடுத்த மணித்தியாலம், கொக்குவிலிலிருந்து சைக்கிளில் வருகிற சிவகாமி அக்காவின் ஆங்கிலம். அவரும் அதே பல்கலைக்கழகத்து மாணவிதான்.

மலரக்காவுக்கு அது தெய்வம் இறங்கி வந்த மாதிரி. உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்த அவளுடைய பாடசாலையில் விலங்கியலுக்கு ஆசிரியர் மாறிப்போய், வேறு ஆள் வராமலே தவணைகள் கழிந்துகொண்டிருந்தன. அடுத்த வருடம் சோதனை. ‘வாய்க்கால் இல்லாமல் பயிர் வைச்ச மாதிரி’ என்று அவளுடைய படிப்பைப் பற்றி அம்மா சொல்லுவா. ஆனால் குமர்ப்பிள்ளை வாசிகசாலைக்குப் போவது அப்போது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அம்மா கூடப் போவதென்றால் போகட்டும் என்று அப்பா சொன்னார். அம்மாவுக்குப் பின்னால் நானும் போனேன்.

அம்மா முதலில் கடைசி வாங்குப் பலகையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தா. ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கு அங்கே கேட்க ஏதும் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை, அம்மாவும் நினைக்கவில்லை. இரண்டொரு ஞாயிறு போனபிறகு பயற்றங்காய் வீட்டிலேயே நின்றுவிட்டது. ஒளித்தொகுப்பு என்றால் இலை சமைக்கிற சமையல் என்று அன்ரன் அண்ணை சொன்ன அன்று, வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அம்மா கதியால் வேலியின் இலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தா.

குழப்பம் கந்தசஷ்டி வாரத்தில் வந்தது. அந்த ஞாயிறு மீனின் சுவாசம் பற்றிய விரிவுரை. அன்ரன் அண்ணை பனையோலை ‘உமல்’ ஒன்றுக்குள் பெரிய விளைமீன் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வாழையிலை விரித்துக் கிடத்தினார். கன்னத்து மூடியைத் தூக்கிக் காட்டி, உள்ளே சீப்புப்போலச் சிவந்து கிடந்ததற்கு என்ன பெயர் என்று கேட்டார்.  சோதனைக்குரிய பெரிய சொல் ஏதோ இருக்கும் என்று எல்லோருக்கும் பயம்.

“வீட்டிலை என்னெண்டு சொல்லுறனீங்கள்?” என்று அவர் கேட்டார்.

“பூ,” என்றா அம்மா, பின்னாலிருந்து, மெல்ல.

“ஓம், பூ. புத்தகத்திலையும் பூ எண்டுதான் போட்டிருக்கு. எங்கடை ஆக்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கினம்,” என்று சொல்லி அன்ரன் அண்ணை கரும்பலகையில் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதினார். அம்மாவின் வாயிலிருந்து வந்த சொல் பலகையில் நிற்பதை மலரக்கா திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

வாசிகசாலைக்குப் பக்கத்து வளவு பிள்ளையார் கோயில். சஷ்டி விரதத்தில் ஊரே அடுப்பைக் கழுவி வைத்திருக்கிற நேரத்தில் மீன் வந்ததென்ற கதை, மணத்தைவிட வேகமாகப் பரவியது. அன்று பின்னேரமே நிர்வாகக் கூட்டம் கூடியது. தனக்கு விரத நாள் தெரியாமல் போய்விட்டதென்று அன்ரன் அண்ணை வந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் கூட்டத்தில் பேசப்பட்டது மீனைப் பற்றி மட்டுமல்ல. கரையூர் மீன்காரப் பொடியன் வந்து எங்கடை பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறதோ, பெட்டையளும் பொடியங்களும் ஒரே மண்டபத்திலோ என்று, அதுவரை மடியில் கட்டி வைத்திருந்த கதைகளெல்லாம் அவிழ்ந்தன. விரிவுரைகளை நிறுத்துவதென்று முடிவாயிற்று. வாசிகசாலையின் காரியதரிசி எங்கள் அப்பா. பூட்டின் திறப்பு அவரிடம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து திறப்பை ஆணியில் கொழுவிவிட்டு அப்பா கால் கழுவாமலே கதிரையில் இருந்தார். மலரக்கா குசினிக்குள் போய்விட்டாள். அழுகிற சத்தம் கேட்கக் கூடாதென்று அவள் குடத்திலிருந்து தண்ணீரை வார்த்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

“நான் தனியாளா என்ன செய்யிறது? சபை முடிவு,” என்றார் அப்பா.

“உங்களை ஒண்டும் சொல்லேல்லை,” என்றா அம்மா. “வாசிகசாலைக்குத்தானே பூட்டு. எங்கடை கொட்டிலுக்குக் கதவே இல்லை.”

அம்மா சொன்ன கொட்டில், தோட்டத்து மூலையில் சந்தைக்குப் போகிற வாழைக்குலைகளை வெட்டி அடுக்கி வைக்கிற இடம். நாலு பக்கமும் திறந்து, மேலே தென்னோலைக் கிடுகு வேய்ந்திருக்கும்.  எங்கள் வீட்டில் அப்பாவின் மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. எது என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். அடுத்த ஞாயிறு காலையில் அம்மா குலைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, சருகைக் கூட்டி, சாக்கு விரித்து வைத்தா. சிவகாமி அக்கா மூலமாகச் சேதி போயிருந்தது. அன்ரன் அண்ணை வேலி வாசல் படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி, உள்ளே வரலாமா என்ற தயக்கத்தோடு நின்றார்.

“வா தம்பி. சஷ்டி முடிஞ்சுது,” என்றா அம்மா.

வாசிகசாலைக்கு வந்தவர்களில் பாதிப்பேர்தான் கொட்டிலுக்கு வந்தார்கள். கரும்பலகை இல்லை, கறள் பிடித்த ஒரு தகரத்தில் வெண்கட்டி வழுக்கி வழுக்கி ஓடும். மழை பெய்தால் கிடுகு ஒழுகும். குலைகளைச் சுற்றிக் கொசு மொய்க்கும். கதலியும் இதரையும் பழுத்த மணத்துக்குள் இருந்து நாங்கள் நிறமூர்த்தங்கள் என்ற குரோமோசோம்களைப் பற்றிக் கேட்டோம். அங்கேதான் ஒருநாள் அம்மா எழுந்து நின்று கேட்டா: “தம்பி, வாழைக்குப் பொத்தி வருது, பூ வருது, குலையும் வருது. வித்து ஏன் வரேல்லை?”

அன்ரன் அண்ணை, “எனக்குத் தெரியாது அம்மா. பாத்துக்கொண்டு வாறன்,” என்றார்.

படிப்பிக்க வந்தவர் தெரியாதென்று சொன்னதைக் கேட்டு இரண்டு பொடியங்கள் தங்களுக்குள் சிரித்தார்கள். அன்று சாப்பிடும்போது மலரக்கா அதைக் கவலையோடு சொன்னாள். அதுவரை விரிவுரைகளைப் பற்றி ஒன்றுமே பேசாதிருந்த அப்பா, சோற்றைப் பிசைந்தபடி, “தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுறவன் சொல்லுற மிச்சத்தை நம்பலாம்,” என்றார்.

அந்த வாரம் அப்பா எங்கே போனார், யாரோடு கதைத்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. ஞாயிறு காலையில் மாட்டு வண்டிலில் வாசிகசாலைக் கரும்பலகையை ஏற்றி, கயிற்றால் வரிந்து கட்டி, தானே கொண்டுவந்து கொட்டிலடியில் இறக்கினார். பின்னாலேயே சபைத் தலைவர் சைக்கிளில் வந்து படலைக்கு வெளியே நின்றார்.

“உது வாசிகசாலைப் பலகையெல்லே?” என்று அவர் கேட்டார்.

“ஓம். வாசிகசாலை சனத்தின்ரை. சனம் இப்ப இஞ்சை இருக்கு,” என்றார் அப்பா. கோபமில்லாத குரல். தலைவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த நிர்வாகத் தெரிவில் அப்பாவுக்குக் காரியதரிசிப் பதவி கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

அன்று அன்ரன் அண்ணை அந்தப் பலகையில் வாழையின் கதையை எழுதினார். எங்கோ ஒரு நூலகத்தில் தேடி எடுத்திருந்தார். காட்டு வாழைக்கு வித்து உண்டு. நாங்கள் உண்ணும் வாழையிலோ நிறமூர்த்தக் கூட்டம் மூன்று. “மூண்டை ரெண்டு சரி பங்காப் பிரிக்கேலாது. அதாலை வித்து உருவாகுதில்லை.” அம்மா தலையை ஆட்டினா. பிறகு தோட்டத்தைத் திரும்பிப் பார்த்து, “அப்ப உந்த வாழையெல்லாம் ஒரே தாயின்ரை குட்டியள்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டா. அப்பா நீரிறைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கடைசிக் குலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழகம் திறந்ததும் அன்ரன் அண்ணை போய்விட்டார். சிவகாமி அக்கா விடுமுறைகளில் மட்டும் வந்தார். மலரக்கா முதல் முறை சோதனையில் தவறி, இரண்டாம் முறை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். அங்கே முதல் நாள் ஆங்கில விரிவுரையில் முக்கால்வாசி விளங்கியது என்று வந்து சொன்னபோது, அம்மா மிச்சக் கால்வாசியைப் பற்றித்தான் கேட்டா. அம்மாவும் உரச்சாக்கில் உள்ள ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்து, எந்த உரம் எதுவென்று தானே பிரித்து வைக்கிற அளவுக்குத் தேறிவிட்டா.

அன்ரன் அண்ணை பிறகு ஆசிரியராக ஆபிரிக்காவுக்குப் போனதாகக் கேள்வி. அதற்கு மேல் தகவல் இல்லை. அப்பாவும் அம்மாவும் இன்றில்லை. தோட்டம் கைமாறி, கொட்டில் நின்ற மூலையில் மதில் கட்டிய மாடிவீடு ஒன்று நிற்கிறது. கதியால் வேலிகள் போய்விட்டன. விரிவுரை கேட்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் கூடுவதும் போய்விட்டது. உலகத்துப் பல்கலைக்கழகங்களெல்லாம் தம் வகுப்பறைகளை இணையத்தில் திறந்துவிட்டிருக்கும்போது, எதற்குக் கூட வேண்டும் என்கிறார்கள்.

சென்ற வருடம் ஊருக்குப் போய், ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியையான மலரக்காவோடு கொக்குவிலில் தங்கியிருந்தேன். ஒரு காலை, பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை வந்து, தங்கள் வீட்டில் இணைய வேகம் போதாதென்று அக்காவின் வாசற்படியில் கைபேசியோடு இருந்தாள். ஏதோ தூரதேசத்துப் பேராசிரியர் ஆங்கிலத்தில் கலப்பிரிவை, உயிரணு இரண்டாகப் பிரிவதை, விளக்கிக்கொண்டிருந்தார். படம் அருமையாக இருந்தது. பிள்ளையின் புருவம் மட்டும் சுருங்கியபடியே இருந்தது.

“என்ன பிள்ளை, விளங்குதோ?” என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள்.

“கொஞ்சம்தான் ரீச்சர்.”

அக்கா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு போய், முழங்காலைப் பிடித்து மெல்லக் குனிந்து, படியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“முதலிலையிருந்து போடு. எனக்கும் உவர் சொல்லுறது வடிவா விளங்கேல்லை. ரெண்டு பேருமாக் கேப்பம்.”