உருண்டையைக் கரைக்காமல் எண்ணியவர்

ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் உருண்டையக்கா. பாட்டில் கழுவ வந்தவள்தான். இன்று கடற்பாசிப் பசையில் நல்ல பாக்டீரியாவைக் கலந்து, ஊசி வழியாகக் கால்சியம் கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். விழுந்த சொட்டு கடுகளவு உருண்டையாக உறைந்துவிடும். உள்ளே இருக்கும் பாக்டீரியா வயிற்று அமிலத்தைத் தாண்டி உயிரோடு குடலுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். சொல்வதற்கென்ன, சொல்லிவிடலாம்! அது கைகூட அவளுக்கு ஆறு வருஷம் பிடித்தது.

புதிதாக வந்த மேலாளருக்கு அதை எடைபோட ஆறே நாள் போதுமாம். உருண்டைகளை அமிலத்தில் ஊறவைத்து, தானே தட்டில் பரப்பி வளர்த்து, எண்ணியும் பார்த்துவிட்டார். பிழைத்த பாக்டீரியா ஒவ்வொன்றும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். மொத்தம் நாற்பது புள்ளி.

"ஒண்ணும் தேறலம்மா. இன்னையோட இந்த வேலைய மூடிடலாம். அறிக்கையில கையெழுத்துப் போடுங்க."

அவள் அறிக்கையை ஒதுக்கி வைத்தாள். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஓர் உருண்டை முழுசாகக் குந்தியிருந்தது.

"சார், உருண்டையக் கரைச்சீங்களா?"

"எதுக்குக் கரைக்கணும்?"

அட கஷ்டகாலமே! இத்தனை படித்த மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது?

"நாப்பது வீட்டுக் கதவ வெளிய நின்னு எண்ணிட்டு, ஊர்ல நாப்பதே பேருன்னு எழுதியிருக்கீங்க சார். உள்ள எத்தன பேருன்னு பார்க்க வேணாமா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப நாளையிலேருந்து பாட்டில் கழுவப் போங்க."

"போறேன். மாமியாரையே இருபது வருஷம் சமாளிச்சவ நான், பாட்டிலுக்கா பயப்படுவேன்?"

அவர் கண்ணெதிரிலேயே அதே உருண்டைகளில் ஒரு பிடியை அமிலத்தில் இரண்டு மணி நேரம் ஊறவைத்தாள். பிறகு சிட்ரேட் கரைசலில் போட்டு, உருண்டை இருந்த தடமே தெரியாமல் குலுக்கிக் கரைத்தாள். ஆயிரம் மடங்கு நீர்க்க வைத்துத் தட்டில் ஊற்றிவிட்டு, நேராகத் தொட்டிக்குப் போனாள். இரண்டு நாள் பாட்டில் கழுவினாள்.

மூன்றாம் நாள் காலை தட்டை எடுத்தார்கள். அத்தனை நீர்த்த பிறகும் அம்மை போட்டதுபோல் இடமில்லாமல் புள்ளி. மேலாளர் தொண்டையைச் செருமினார்.

"சரிம்மா, பழைய அறிக்கையக் கிழிச்சிடலாம். நீங்களே எண்ணி எழுதிடுங்க."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

"நான் எண்ணினா சரிவராது. நீங்களே உட்காருங்க. சத்தமா எண்ணுங்க."

அவர் எண்ணினார். ஐம்பத்தேழில் தடுமாறி நின்றார்.

"முதல்லேருந்து," என்றாள் உருண்டையக்கா.