விகோவுக்குப் பிறகு யார்?

அன்றைக்கு ஆசிரியர் அறையில் இருந்தவர்கள்: கல்லூரி அதிபர் கிர்ஸ்டன். கட்டடம் பராமரிக்கிற பெடெல், என் மேலாள்; பெயர் போல். மாணவர் சார்பில் அணியின் கோல்காப்பாளன் மார்ட்டின். உதைபந்தாட்டப் பயிற்றுநர் விகோ. மேசையில் ஒரு ஆப்பிள் கேக். ஏணியில் நான். ஏணியில் நின்றவனை யாரும் ஆளாகக் கணக்கெடுக்கவில்லை. ரியூப்லைற் மாற்ற வந்தவன் ரியூப்லைற்றோடு சேர்த்தி.

விகோ கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

"இந்தக் கோடையோட நான் நிப்பாட்டுறன்."

என் கையிலிருந்த ஸ்ரார்ட்டர் நழுவி கேக்கின் நடுவில் விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்த அணியை நடத்தியவர் விகோ. தோற்ற ஆட்டங்களைக்கூட வென்ற மாதிரிக் கதைக்க வைத்த மனிதர். கடைசியில் போல்தான் மெதுவாக ஸ்ரார்ட்டரை எடுத்துத் துடைத்து, ஏணிக்கு நீட்டினான். "அப்ப, அவருக்குப் பிறகு ஆர்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி அறையை விட்டு என்னைவிட வேகமாக வெளியே போனது.

1. வெயில் நாட்டுக்காரர்

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த ஹொய்ஸ்கோலே அது. வளர்ந்த பிள்ளைகள் சில மாதம் தங்கிப் படிக்கிற கல்லூரி. பரீட்சை கிடையாது. எட்டாம் வகுப்போடு மட்டக்களப்பில் புத்தகத்தை மூடியவனுக்கு அதைவிடப் பொருத்தமான கல்லூரி உலகத்தில் இல்லை. ஆனால் நான் போனது படிக்க அல்ல. மின்குமிழ் மாற்ற, புல் வெட்ட, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட. கொமூன என்கிற நகரசபை பிடித்துத் தந்த தற்காலிக வேலை.

மனைவி ஊரில் இருந்தாள். அவளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் கொப்பன்ஹேகனில் ஏதோ ஒரு மேசையில் அசையாமல் கிடந்தது. எங்கள் ஆட்கள் எல்லோருடையதும் அப்படித்தான் கிடந்தது. நீதியமைச்சரே நிறுத்தி வைத்திருந்தார் என்பதைப் பிறகு நாடே பேப்பரில் படித்தது. நிரந்தர வேலை கிடைத்தால் அது அசையும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகவே நினைத்து, நானாகவே பயந்துகொண்டிருந்தேன். பயப்பட எனக்கு ஆள் துணை தேவைப்படுவதில்லை.

விகோ போகிறார் என்றதும் கதைகள் கிளம்பின. ஓகூஸிலிருந்து ஒரு பழைய டிவிஷன் ஆட்டக்காரர் வருகிறார் என்றார்கள். விபோர்க் பக்கத்துக் கல்லூரியின் பயிற்றுநரைக் களவாகப் பேசி எடுத்தாகிவிட்டது என்றார்கள். விபோர்க் பக்கத்தார்தான் எங்களுக்குப் பரம எதிரி. நான் அதிபரின் அறைக்கும் குமிழ் மாற்றப் போகிறவன் என்பதால் மார்ட்டின் என்னைச் சுண்ணாம்பு வண்டியோடு மறித்தான்.

"உனக்குத் தெரியும். சொல்லு, ஆர் வாறது?"

எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொன்னால் விடமாட்டான். வண்டியைத் தள்ளிக்கொண்டே, "தூரத்து ஆள். வெயில் நாடு. இதுக்கு மேல கேக்காத" என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது பிரேசில் ஆகிவிட்டது. போல் என்னை வெள்ளிக்கிழமை கொதிகலன் அறைக்குள் இழுத்து, கதவைச் சாத்தி, ரகசியமாகச் சொன்னான்:

"கேள்விப்பட்டியா? பிரேசில்காரனாம்."

"உண்மையாவோ?"

"கிர்ஸ்டன் மறுக்கேல்ல."

கிர்ஸ்டனிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் காரணம்.

அடுத்த கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார். கையில் புதுக் குமிழோடு போனேன்.

"குமிழ் எரியுது. இரு," என்றார். "அணியை நீ எடு. இலையுதிர் காலத்தில விபோர்க்காரரோட ஆட்டம். அதுவரைக்கும் பாப்பம். அதுக்குப் பிறகு உன்ர வேலையை நிரந்தரமாக்கிறதைப் பற்றியும் கதைப்பம். விகோதான் உன்ர பேரைச் சொன்னவர்."

"ஏன் சொன்னவர்?"

"கேட்டனான். தலையை ஆட்டினார்."

மாலை நேரங்களில் மாணவர்களோடு நான் பின்வரிசையில் ஆடுவதுண்டு. ஊரில் கழகத்துக்கு ஆடியவன்தான். அதற்காக விகோவின் இடமா? அறிவிப்பு நாளில் முழுக் கல்லூரியும் மண்டபத்தில் கூடியது. கிர்ஸ்டன் என் பெயரைச் சொன்னார். பின்வரிசையில் ஒருவன் எழும்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கேட்டான்:

"அப்ப பிரேசில்காரன்?"

2. தட்டு

என்னோடு அறையில் இருந்தவர் தோமஸ் அண்ணை. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அறிவுரை சொல்வது சம்பளமில்லாத உத்தியோகம்.

"பெரிய மனுசன்ர இடத்துக்குப் போறாய். சும்மா கையை வீசிக்கொண்டு போய் நிக்கப் போறியோ? தட்டோட போய் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வா."

சரியாகத்தான் பட்டது. ஒரு தட்டில் வாழைப்பழம், ஆப்பிள், ரோசாப்பூ வைத்தோம். தேங்காய்க்கு ஹொல்ஸ்டெப்ரோவில் கடை கடையாக அலைந்தும் கிடைக்காததால், அண்ணை அன்னாசி டின் ஒன்றை நடுவில் நிறுத்தினார். "உருண்டைதானே," என்றார்.

டென்மார்க்கில் முன்கூட்டி ரெலிபோன் எடுக்காமல் ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது. அது எனக்கு அப்போது தெரியும். ஆனால் தட்டோடு போகிறவன் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஞாயிறு மத்தியானம் மணியை அடித்தேன். விகோ வீட்டுச் செருப்போடு வந்து தட்டைப் பார்த்தார்.

"வேண்டாம். எங்களிட்ட பழம் இருக்கு," என்றார்.

விற்க வரவில்லை என்று விளங்க வைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே போனதும் தட்டைக் கொடுத்துவிட்டுக் குனிந்து காலைத் தொட்டேன். அவர் பதறி என் கமக்கட்டில் கையைக் கொடுத்துத் தூக்கினார்.

"தலை சுத்துதோ? டொக்ரரைக் கூப்பிடட்டோ?"

கதிரையில் இருத்தி, தண்ணீர் தந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வதைத்தான் டேனிஷில் போட்டுச் சொன்னேன்:

"நீங்கள் எனக்குப் பக்கத்தில் நின்றால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்."

எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் அவர்கள், "அதுக்கென்ன, நல்லாச் செய்" என்று வாழ்த்தி அனுப்புவார்கள். ஒருவரும் பக்கத்தில் வந்து நிற்கமாட்டார்கள். விகோ புகைக்கிற சுங்கானை வாயிலிருந்து எடுத்தார்.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

3. சுங்கான்

செவ்வாய்க்கிழமை முதல் பயிற்சி. நான் போவதற்கு முன்பே விகோ மடக்குக் கதிரையோடும் கோப்பிப் போத்தலோடும் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தார். வியாழனும் வந்தார். மழைக்கும் வந்தார்.

அவர் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. அதுதான் கஷ்டம். நான் "இடப்பக்கம்" என்று கத்துவேன். பிள்ளைகள் விகோவைப் பார்ப்பார்கள். அவர் சுங்கானை இடப்பக்கம் அசைத்தால் ஓடுவார்கள். அசைக்காவிட்டால் சப்பாத்துக் கயிறு கட்டுவார்கள். சில நேரம் அவர் தானாகவே, "எல்லாரும் மேல போங்கோ!" என்று சத்தம் போடுவார். எல்லாரும் மேலே போவார்கள். பின்னால் நானும் மார்ட்டினும் காற்றும்தான்.

கதைகள் திரும்பவும் கிளம்பின. இந்த முறை நான் ஒன்றையும் கிளப்பவில்லை. விகோ திரும்பி வருகிறார். என்னைச் சுண்ணாம்பு வண்டிக்கே அனுப்பப் போகிறார்கள். போல் கொதிகலன் அறையில் சொன்னான்:

"நான் நம்பேல்ல. ஆனா கிர்ஸ்டன் மறுக்கேல்ல."

இரவில் நித்திரை இல்லை. அண்ணை போர்வைக்குள்ளிருந்து கேட்பார்:

"அந்தாளை வரவேண்டாம் எண்டு சொல்லன்!"

"வரச் சொன்னது நான்தானே, அண்ணை."

"தட்டைத் திருப்பி வாங்கேலாதோ?"

"அன்னாசியைச் சாப்பிட்டிட்டார்."

4. தகர டப்பா

டென்மார்க்கில் அநேகமாக ஒவ்வொரு அணியிலும் ஒரு அபராதப் பெட்டி இருக்கும். பிந்தி வந்தால் காசு, காலுறை மறந்தால் காசு. சேர்ந்ததில் பருவ முடிவில் விருந்து. எங்களுடையது பழைய பிஸ்கட் டப்பா. சட்டங்கள் உடைமாற்றும் அறைக் கதவில் விகோவின் கையெழுத்தில் ஒட்டியிருந்தன. கோடு போடப் போகும்போதெல்லாம் அந்தக் கதவைக் கடந்துதான் போவேன். கடைசி வரி: பயிற்றுநர் அல்லாதவர் கோட்டுக்கு வெளியிலிருந்து கட்டளை போட்டால் இருபத்தைந்து குரோனர். பெற்றோரை அடக்குவதற்காக அவரே எழுதியது.

விபோர்க்காரரோடு ஆட்டம். இடைவேளையில் நாங்கள் ஒரு கோல் பின்னால். இரண்டாவது பாதி தொடங்கச் சமப்படுத்தினோம். பிள்ளைகளுக்கு வெறி ஏறிவிட்டது. விகோ கதிரையை விட்டு எழும்பினார்.

"எல்லாரும் மேல!"

விபோர்க் அணியில் ஒரு மெல்லிய பொடியன், குதிரை மாதிரி ஓடுகிறவன், நடுக்கோட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தான். "ரெண்டு பேர் பின்னால!" என்று கத்தினேன். எல்லாரும் விகோவைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் நான் நினைத்தது உதைபந்தாட்டத்தை அல்ல. கொப்பன்ஹேகனில் கிடக்கிற விண்ணப்பத்தை. கிர்ஸ்டன் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் டப்பாவை எடுத்தேன். கோட்டோரமாக நடந்து விகோவுக்கு முன்னால் போய் நின்று, குலுக்கினேன். இரண்டு கல்லூரியும் எங்களைப் பார்த்தது.

"இருபத்தைந்து," என்றேன்.

"ஆர்ர சட்டம்?"

"உங்கடதான். கதவில இருக்கு."

அவர் சுங்கானை எடுத்தார். சட்டைப் பைகளைத் தட்டிப் பார்த்தார்.

"காசு கொண்டு வரேல்ல. எல்லாரும் மேல போங்கோ!"

"அம்பது."

"மேல எண்டு சொல்லுறன்!"

"எழுபத்தைஞ்சு."

முதலில் மார்ட்டின்தான் சிரித்தான். பிறகு அணி முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே முதல் முறையாக என் பக்கம் திரும்பினார்கள். நான் இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு பேர் பின்னால் போய் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மெல்லிய பொடியன் பந்தோடு பறந்து வந்தான். இருவரும் சேர்ந்து மறித்து வெளியே தட்டினார்கள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று.

கிர்ஸ்டன் மைதானத்தைக் கடந்து வந்து, "மோசமில்லை" என்றார். எங்கள் பக்கமான மேற்கு யூலாண்டில் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது. "திங்கள் வா, கையெழுத்துப் போட."

விகோ கதிரையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல காலம். மழைக்க இருந்து எனக்கு முழங்கால் போச்சு. எப்ப போகச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"நீங்கள் போயிருக்கலாமே!"

"நீதானே பக்கத்தில நிக்கச் சொன்னனி."

"என்ர பேரை ஏன் சொன்னனீங்கள்?"

"நீ எப்பவும் பயந்துகொண்டு இருக்கிறாய். எங்கயால கோல் வரும் எண்டு பயந்தவனுக்குத்தான் முதல் தெரியும்."

மனைவி வந்து சேர்ந்த நாளில் விகோதான் தன் காரில் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனார். வழியில் எழுபத்தைந்தை ஞாபகப்படுத்தினேன். "மனுசி வாற நாளில காசுக்கதை கதைக்காத," என்றார். அதற்குப் பிறகும் வருடா வருடம் ஏதோ ஒரு நல்ல காரியம் குறுக்கே வந்தது. கடைசிவரை தரவில்லை.

பெரிய ஆட்களின் இடத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தட்டோடு போங்கள், காலைத் தொடுங்கள். ஆனால் பக்கத்தில் நிற்கச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால், அனுப்பி வைக்கிற வேலையும் உங்களுடையதுதான்.

நான் ஓய்வு பெற்று, அணியைச் சிக்னே என்ற பெண் எடுத்திருக்கிறாள். எங்கள் மார்ட்டினின் மகள். போன சனிக்கிழமை சும்மா பார்க்கத்தான் போனேன். கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். விபோர்க்காரர் நடுக்கோட்டில் ஒருவனைத் தனியாக விட்டிருந்தார்கள். வாய் தானாகத் திறந்தது: "ரெண்டு பேர் பின்னால!"

சிக்னே டப்பாவோடு வந்தாள். பைகளைத் தட்டிப் பார்த்தேன். காசு கொண்டு போகவில்லை.

விகோவினதையும் சேர்த்து, பாக்கி நூறு குரோனர்.