பாதியில் நின்ற கிரிவலம்

சென்னையில் ஆதி கிறிஸ்தவ வரலாற்றில் ஆய்வு செய்துகொண்டே, என் பேராசிரியருக்கு உதவியாகப் பாடமும் எடுக்கிறேன். ரோமப் பேரரசில் கொள்ளைநோய்க்குப் பயந்து ஊரே ஓடியபோது, முன்பின் தெரியாதவர்களின் பிணங்களையும் கிறிஸ்தவர்கள் சுமந்துபோய் அடக்கம் செய்தார்கள் என்பது எனக்குப் பிடித்த பாடம். "அவர்கள் மட்டும்தான்" என்று அழுத்திச் சொல்வேன்.

போன வருடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. திருவண்ணாமலையில் அம்மா இறந்துவிட்டார்.

அடக்கம் செய்த அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். கல்லறைத் தோட்டமோ கிரிவலச் சாலைக்கு அந்தப் பக்கம். நானும் மாமாவும் எங்கள் தேவாலயச் சபையார் இருவருமாகப் பெட்டியைத் தோளில் தூக்கினோம். கூட்டத்தின் நடுவே மாமாவுக்கு மூச்சு வாங்கியது. பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது.

வெறுங்காலோடு மலை சுற்றிக்கொண்டிருந்த ஒருவர், நெற்றி நிறையத் திருநீறோடு ஓடிவந்து தோள் கொடுத்தார்.

"அண்ணா, சாவைத் தொட்டா உங்க கிரிவலம் வீணாப்போயிடுமேங்க," என்றேன்.

"அடுத்த பௌர்ணமிக்கு வந்து சுத்திக்கிறேன் தம்பி. மொதல்ல அம்மாவைக் கொண்டுபோவலாம், நட."

குழிவரை வந்தார். எங்களோடு அவரும் ஒரு பிடி மண் போட்டார். அதுவரை அடக்கியிருந்த அழுகை அப்போதுதான் எனக்கு வெடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவரைக் காணோம். பேர்கூடக் கேட்கவில்லை.

இந்த வருடமும் அந்தப் பாடம் வந்தது. "மட்டும்தான்" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பௌர்ணமி வந்தால் அம்மாவோடு அவரும் நினைவுக்கு வருகிறார். என் அம்மாவுக்காகப் பாதியில் விட்ட மலையை இந்நேரம் அவர் சுற்றி முடித்திருப்பார்.