மூன்று ரூபாய்ப் பங்கும் என் கடைக் கடிகாரமும்

ஒக்கலிபுரத்தில் தகரக் கூரை போட்டுக் கடை எழுப்பியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ப்ளைவுட் அறுத்து, எஸ்.பி. ரோட்டில் பழைய டி.வி. வாங்கி, காசு போட்டால் ஓடும் வீடியோ கேம் பெட்டியை என் கையாலேயே செய்தேன். ஒன்று எட்டானது. இரண்டு முறை மழைத் தண்ணீர் புகுந்து பலகை ஊதிப்போனது. மறுபடி அறுத்தேன். சூதாட்டமா என்று விசாரிக்க வந்த போலீஸ்காரர் தானே உட்கார்ந்து ஆடிவிட்டுப் போனார். மகளை பி.காம். படிக்க வைத்தேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். சாகக் கிடந்த ஒரு கம்பெனியையும் நான்தான் நிமிர்த்தினேன். அதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

ரயில்வே ஸ்டேஷன் என் கடையிலிருந்து நடக்கிற தூரம். வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டிக்குக் காத்திருப்பவர்கள். அவர்களுக்காகச் சுவரில் பெரிய கடிகாரம் மாட்டினேன். என் படிப்பெல்லாம் அதிலிருந்துதான். ஆடுகிறவன் எத்தனை தரம் அதை நிமிர்ந்து பார்க்கிறான் என்று கவனிப்பேன். சும்மா சும்மா பார்த்தால் அந்த ஆட்டத்தைக் கழற்றிவிடுவேன். பார்க்கவே இல்லை, "சார், வண்டி போயிடும்" என்று நான் தோளைத் தட்ட வேண்டியிருக்கிறது என்றால், அதுதான் ஆட்டம். சேலத்துக்காரர் ஒருவர் தனக்குப் பெண் பார்க்கப் போகிற வண்டியையே தவறவிட்டார்.

கம்ப்யூட்டர் பங்குகள் எல்லாம் சரிந்து கிடந்த சமயம். பிரேசர் டவுனில் ஒரு பங்குத் தரகர் ஆபீஸில் மகளுக்கு வேலை. ஒருநாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ப்பா, பொம்மனஹள்ளியில உன் தொழில் பண்ற கம்பெனி ஒண்ணு இருக்கு. வீடியோ கேம். அம்பது ரூபாய்க்கு வித்த பங்கு இப்ப மூணு ரூபா. சீந்த ஆளில்ல."

"இன்னா ஆட்டம் பண்றாங்க?"

"அதை யாருப்பா பார்க்கிறாங்க? மூணு வருஷமா நஷ்டம். அதைப் பாரு."

"அது உன் ஆபீஸ் பார்க்கட்டும். நான் ஆட்டத்தைப் பார்க்கிறேன்."

"கடைக்கு இடம் வாங்க வச்சிருக்கிற பணம்ப்பா அது. அதுல கை வச்சே, அப்புறம் ஆயுசு பூரா வாடகைதான். சொல்லிட்டேன்."

அவள் சொன்னது பொய்யில்லை. அந்தப் பணத்தை விட்டால் என்னிடம் வேறு இல்லை.

அவர்கள் ஆட்டத்தின் சி.டி. ஒன்றை வாங்கிக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டேன். பாரம் ஏற்றிய லாரியை மலைப்பாதையில் இறக்க வேண்டும். ஒரு வாரம் ஸ்டூல் போட்டுக் கவனித்தேன். உட்கார்ந்தவன் எல்லாம் ஆரம்பத்திலேயே கடிகாரத்தைப் பார்த்தான், பாதிப் பேர் எழுந்து போனார்கள். பொறுத்திருந்தவன் மட்டும் லாரி கையில் வந்தபிறகு தலை நிமிரவே இல்லை. காரணம் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. லாரி முதலாளியின் குடும்பக் கதை என்று முதல் இரண்டு நிமிஷம் படம் ஓடுகிறது. எந்த பட்டனைத் தட்டினாலும் நிற்காது. வண்டி நல்ல வண்டி, ஸ்டார்ட் ஆகத்தான் நேரம் பிடிக்கிறது. ஆனால் சொன்னால் கேட்பார்களா? பணம் போடலாமா கூடாதா என்பது அதில்தான் இருந்தது.

நூறு பங்கு மட்டும் வாங்கினேன். பங்குதாரர் கூட்டத்துக்குள் நுழைய அது போதும். வந்தவர்களில் பலர் வாசலில் கொடுத்த மைசூர்பாகு டப்பாவுக்காக வந்தவர்கள். மேடையில் ஒரு மணி நேரம் இங்கிலீஷ். முடிந்ததும் நான் எழுந்து கன்னடத்தில் கடிகார விஷயத்தைச் சொன்னேன். மேடையிலிருந்தவர் கணக்கைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றார். "கணக்கு உங்ககிட்ட இருக்கு, ஆடுறவன் என்கிட்ட இருக்கான்" என்றேன். கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும்.

காபி குடிக்கும் இடத்தில் அந்தக் கம்பெனி இன்ஜினியர் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். தமிழ்ப் பெண்தான். "அங்கிள், அந்தக் கடிகாரத்தை நான் வந்து பார்க்கலாமா?"

மூன்று நாள் என் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டாள். மூன்றாம் நாள் அதை மூடி வைத்தாள்.

"அங்கிள், அந்தக் கதையை எழுதினதே நான்தான்."

"அப்ப நீயே வெட்டிடும்மா."

நோட்டுப் புத்தகத்தைப் பையில் போட்டாள். பிறகு, "வெட்டிடறேன்" என்றாள்.

மறுநாளே இடத்துப் பணத்தில் பாதியை எடுத்துக்கொண்டு மகள் ஆபீஸுக்குப் போனேன். தான் எழுதியதைத் தானே வெட்டுகிற ஆள் இருக்கிற கம்பெனி மூழ்காது என்றேன். மகள் கீபோர்டை உடைக்கிற மாதிரி தட்டி வாங்கிக் கொடுத்தாள்.

புது சி.டி. வந்தது. திரை வெளிச்சமானதுமே லாரி பிரேக் இல்லாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது. என் கடையில் அதை ஆடி ரயிலைத் தவறவிட்டவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். வெளிநாட்டுக்காரன் அந்த ஆட்டத்தை வாங்கினான். பங்கு பதினொரு ரூபாய்க்கு ஏறியது. "இப்பவாவது வித்துடு" என்றாள் மகள். விற்கவில்லை. வாடகைக் கடையில்தான் இன்னும் இருக்கிறேன். அதனால் என்ன?

அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து, ஆரம்பத்தை வெட்டியது "நம் ஆராய்ச்சிக் குழுவின் கண்டுபிடிப்பு" என்று வாசித்தார். அந்தப் பெண் அதற்குள் வெளிநாடு போயிருந்தாள். நான் கை தூக்கினேன். நேரமாகிவிட்டது என்று மைக்கை அணைத்தார்கள்.

அந்த ஆட்டத்தை முழுக்க முடித்தால் உழைத்தவர்கள் பெயரெல்லாம் திரையில் ஓடும். அதைப் பார்ப்பதற்காகவே இந்த வயதில், விரல் வீங்க, மலை முழுவதும் இறங்கி முடித்தேன். படம் வரைந்தவர், பாட்டுப் போட்டவர், ஆபீஸ் வேன் டிரைவர், ஜன்னலில் படுத்திருக்கும் பூனை வரைக்கும் இருக்கிறது. நான் இல்லை.

டிரைவரும் பூனையும் இருக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. கம்பெனிக்காரர்களே, அடுத்த சி.டி. அடிக்கும்போது ஒரு வரி சேருங்கள். என் பெயரைக் கேட்க வெட்கமாக இருந்தால், "ஆரம்பத்தை வெட்டச் சொன்னவர், ஒக்கலிபுரம் கடைக்காரர்" என்று போடுங்கள். ஆனால் போடுங்கள். பூனைக்கு மேலே.